கான்கிரீட்டின் நாடி பார்க்கும் கண்ணாடி இழை

இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டு நம் கிராமங்களுக்கு வந்து இரண்டு தலைமுறைகளுக்கு மேல் ஆகின்றன. மேல்நிலை நீர்த்தொட்டி, பள்ளிக் கட்டடம், ஓடைப் பாலம், அங்கன்வாடி, சமுதாயக் கூடம், நெல் உலர்த்தும் களம் என்று பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை இன்று கான்கிரீட்டால் ஆனவையே. அவற்றைக் கட்டுவதற்குத் தீர்மானம் நிறைவேற்றி நிதி ஒதுக்கும் நாம், கட்டி முடித்தபின் அவை எந்நிலையில் உள்ளன என்பதை அறியும் வழியைப் பற்றி அதிகமாகச் சிந்திப்பதில்லை. மாட்டுக்கு நோய் வந்தால் அது தீனி எடுக்காமல் நின்று நமக்கு உணர்த்தும். பயிருக்கு நோய் வந்தால் இலை காட்டிக்கொடுக்கும். கான்கிரீட்டின் நோயோ பெரும்பாலும் உள்ளே வளர்ந்து, வெளியே தெரியும்போது முற்றிவிட்டிருக்கும்.

அந்நோயை முன்கூட்டி அறிவதற்கு விஞ்ஞானிகள் கண்டுள்ள வழிகளுள் ஒன்று, மெல்லிய கண்ணாடி இழையைக் கான்கிரீட்டினுள் பதித்து, அதன் வழியே ஒளியைச் செலுத்தி, கட்டடம் எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பதாகும். இம்முறையின் அடிப்படைகளையும், அதிலிருந்து பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கற்றுக்கொள்ளத் தக்கவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு தொட்டியின் கதை

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் நான்கு தூண்களின் மேல் நின்ற பழைய நீர்த்தொட்டி ஒன்று இருந்தது. அதன் நிழலில்தான் நியாயவிலைக் கடைக்கு வருவோர் வரிசையில் நிற்பது வழக்கம். இரண்டு தூண்களில் மேலிருந்து கீழாக வெடிப்புகள் தோன்றின. பஞ்சாயத்துக் கூட்டத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. இடித்துவிட வேண்டும் என்றனர் சிலர். காரை பூசி வெள்ளையடித்தால் போதும், தொட்டியை இழந்தால் பெண்கள் குடத்துடன் எங்கே போவார்கள் என்று கேட்டனர் வேறு சிலர். இரு சாராரும் ஊர் நலத்தையே எண்ணிப் பேசினர். இருவர் கையிலும் அளவு ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்றியப் பொறியாளர் வந்து, வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, அருகே தேதியைக் குறித்துச் சென்றார். வெடிப்பு அசையாதிருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும்; விரிந்தால் கண்ணாடி உடையும். இது நெடுங்காலமாகக் கட்டட வேலையில் உள்ள எளிய முறை. ஒரு மாதத்திற்குள் ஒரு தூணில் இருந்த துண்டு உடைந்துவிட்டது என்று செய்தி வந்தது. நாம் நேரில் சென்றபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் நம்மிடம், "ஐயா, கண்ணாடி உடைந்தது உண்மை. எவ்வளவு அசைந்தால் அது உடையும்? நேற்று உடைந்ததா, பத்து நாளைக்கு முன்பா? ஆடு முட்டி உடைந்திருந்தால் என்ன செய்வது?" என்று கேட்டார். "பெரியவரே, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் இந்தக் கண்ணாடி விடை சொல்லாது" என்றே நாம் கூற வேண்டியிருந்தது.

பொறியாளர் தூணின் பூச்சைத் தட்டிப் பார்த்தார். கம்பியின் மேல் விரல் கனத்திற்கே கான்கிரீட்டு இருந்தது. தூண்களின் நெடுக்குக் கம்பிக்கு வெளியே குறைந்தது 40 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஈரம் உட்புகுந்து கம்பி துருப்பிடித்திருந்தது. இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். அப்பருமனே உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளந்தது. அன்றே தொட்டியைக் காலி செய்து, கடை வரிசையை வேறிடத்திற்கு மாற்றி, பின்னர் முறைப்படி தொட்டியை இடித்தோம். ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. ஆயினும் புதிய தொட்டி எழும்வரை அவ்வூர்ப் பெண்கள் பட்ட தொல்லை சிறிதன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அளவு தெரிந்திருந்தால் தூண்களைச் செப்பனிட்டே காப்பாற்றியிருக்கலாம் என்று பொறியாளர் கூறியது நம் மனத்தில் நின்றது. முதியவரின் மூன்று கேள்விகளுக்கும் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

திரிபு என்பது யாது?

எப்பொருளின் மீது சுமை ஏறினாலும் அது சிறிது நீளும், அல்லது குறுகும். ஏற்றக் கயிறு நீர் நிறைந்த சாலை இழுக்கும்போது நீள்வதை நாம் கண்டிருக்கிறோம். கான்கிரீட்டும் அவ்வாறே நீளும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத அளவில் நீளும். நீண்ட அளவை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் வருவதே திரிபு. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு திரிபை ஒரு நுண்திரிபு என்பர். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பொருள் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் அது ஒரு நுண்திரிபாகும்.

கான்கிரீட்டு அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுக்கும்போது ஏறத்தாழ 100 முதல் 150 நுண்திரிபிலேயே அதில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும். பத்து மீட்டர் நீளத்தில் இது ஒரு மில்லிமீட்டர் அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் நீட்சிதான். அவ்விடத்தில் இழுவையை ஏற்றுக்கொள்வதற்காகவே இரும்புக் கம்பியை வைக்கிறோம். நாம் பயன்படுத்தும் முறுக்குக் கம்பி ஏறத்தாழ 2,000 நுண்திரிபு வரையில் நீண்டு, சுமை நீங்கியதும் பழைய நிலைக்கு மீளும். அதற்குமேல் சென்றால் மீளாது. அழுத்தப்படும் பக்கத்தில், 3,500 நுண்திரிபில் கான்கிரீட்டு நொறுங்குவதாகக் கொண்டே ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி கணக்கிடுகிறது.

இந்த எண்களிலிருந்து ஓர் உண்மை விளங்கும். உத்தரத்தின் அடிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு காண்பதாலேயே அது விழப்போகிறது என்று அஞ்ச வேண்டுவதில்லை. பொதுவாக 0.3 மில்லிமீட்டர் வரையிலும், ஈரத்திலோ மண்ணோடு ஒட்டியோ உள்ள பகுதிகளில் 0.2 மில்லிமீட்டர் வரையிலும் வெடிப்பின் அகலத்தை விதி அனுமதிக்கிறது. அஞ்ச வேண்டியது நாளுக்கு நாள் அகலும் வெடிப்பையும், துருக்கறை கசியும் வெடிப்பையுமே. வெடிப்பு உண்டா என்னும் கேள்வியோடு, அது வளர்கிறதா என்பதையும் கேட்டாக வேண்டும். அதற்கு விடை காண அளவு தேவை.

வெயில் செய்யும் மயக்கம்

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் கான்கிரீட்டு ஏறத்தாழ 10 நுண்திரிபு நீளும். இரும்பு 12 நுண்திரிபு நீளும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் நீள்வதாலேயே அவை பிரியாமல் கூடி வாழ்கின்றன. காலைக்கும் நண்பகலுக்கும் இடையே கான்கிரீட்டின் வெப்பம் 15 டிகிரி உயர்ந்தால், தடையின்றி நீளக்கூடிய பத்து மீட்டர் உத்தரம் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். இது 150 நுண்திரிபு. சுமையால் வெடிப்பு விழும் அளவும் இதுவே. ஆனால் தடையின்றி நீளும் உத்தரத்திற்கு இந்த வெப்ப நீட்சியால் தீங்கில்லை.

ஆகவே, வெயிலால் வந்த நீட்சியையும் சுமையால் வந்த நீட்சியையும் பிரித்தறியாத அளவீடு நம்மை ஏமாற்றிவிடும். இவையன்றி, கான்கிரீட்டு உலரும்போது தானே சுருங்கும். விதிப்படி இச்சுருக்கம் ஏறத்தாழ 300 நுண்திரிபு. நீண்ட காலச் சுமையாலும் அது மெல்ல மெல்லக் குறுகும். புதுக் கட்டடத்தில் அளவு மாறுவதெல்லாம் ஆபத்தின் அறிகுறி அல்ல என்பது இதனால் பெறப்படும்.

ஒளியால் அளப்பது எவ்வாறு?

திரிபை அளக்க, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பிப் பின்னலை ஒட்டும் முறையும், இழுத்துக் கட்டிய கம்பியை வீணைத் தந்திபோல் அதிரச் செய்து அதன் சுருதியால் அளவறியும் முறையும் நெடுநாளாக உள்ளன. பின்னது இன்றும் அணைக்கட்டுகளில் சிறப்பாகப் பயன்படுகிறது. மின்பின்னல் முறையில், ஈரம் பட்டால் அளவு பிறழும். ஒவ்வோர் உணரிக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

கண்ணாடி இழை இக்குறைகள் அற்றது. இது நமக்குப் புதியதும் அன்று. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இணைய வசதி தர, பாரத்நெட் திட்டத்தில் கொண்டுவரப்படும் கேபிளின் உள்ளே இருப்பதும் இவ்விழையே. இதன் குறுக்களவு 0.125 மில்லிமீட்டர்; தலைமயிரைவிடச் சற்றே பெரியது. அதன் நடுவே, அதனினும் பன்மடங்கு மெல்லிய உட்கருவின் வழியே ஒளி செல்கிறது.

1978-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் கென்னத் ஹில் என்பவரும் அவருடைய துணைவர்களும், இவ்விழையின் உட்கருவில் ஒளியைக் கொண்டே நுண்ணிய வரிகளை உண்டாக்க முடியும் என்று கண்டனர். சீப்பின் பற்கள்போல் ஒரே இடைவெளியில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரம் வரிகள் அமைந்திருக்கும். பல நிறங்கள் கலந்த ஒளியை இழையில் செலுத்தினால், அவ்வரிகள் தம் இடைவெளிக்கு ஏற்ற ஒரே ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பி, மற்றவற்றை மேலே போக விடும். இழை நீண்டால் வரிகளின் இடைவெளி விரியும். திரும்பி வரும் நிறம் சற்று மாறும். இழை குறுகினால் எதிர்ப்புறமாக மாறும். கட்டடத்தோடு இழை பிணைக்கப்பட்டிருப்பதால், நிறத்தின் மாற்றமே கட்டடத்தின் திரிபைக் கூறிவிடும்.

இங்கு நிறம் என்றது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையே. ஒரு நுண்திரிபுக்கு அவ்வொளியின் அலைநீளம் 1.2 பிக்கோமீட்டர் மாறுகிறது. ஒரு மீட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு பிக்கோமீட்டர். அதனையும் அளக்கும் கருவி உண்டு. வரிகளின் இடைவெளியை இடத்திற்கு இடம் சற்றே மாற்றி அமைத்தால், ஒவ்வோர் இடமும் தன் நிறத்தில் விடை கூறும். இவ்வாறு ஒரே இழையில் பல உணரிகளை வரிசையாக அமைக்கலாம்.

ஆனால் ஒரு டிகிரி வெப்பம் ஏறினாலும் நிறம் ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் மாறும். அது எட்டு நுண்திரிபுபோலத் தோற்றம் தரும். இம்மயக்கத்தைப் போக்க, கட்டடத்தோடு பிணைக்காமல் குழாயினுள் தளர்வாக விட்ட உணரி ஒன்றை அருகில் வைப்பர். அதற்குச் சுமை தெரியாது. வெப்பம் மட்டுமே தெரியும். அதனைக் கொண்டு வெப்பத்தின் பங்கைக் கணித்துக் கழித்தால் சுமையின் பங்கு கிடைக்கும். நெல் நிறுக்கும்போது வெறும் சாக்கின் எடையைக் கழிக்கிறோம் அன்றோ? அதுபோன்றதே இது.

வேறொரு முறையில் இழைக்கு வரிகள் வேண்டுவதில்லை. இழை முழுவதுமே உணரியாகும். கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடலாம். அவ்வாறே, செலுத்திய ஒளியின் மிகச் சிறு பகுதி வழியெங்கும் சிதறித் திரும்பும். திரும்பும் நேரம் இடத்தைக் காட்டும்; ஒளியின் மாறுதல் அவ்விடத்துத் திரிபைக் காட்டும். பல கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம், குழாய்வழி, அணை ஆகியவற்றை மீட்டருக்கு மீட்டர் இவ்வாறு கண்காணிக்க இயலும்.

பதிக்கும் முறையும் இடர்ப்பாடுகளும்

கம்பி கட்டி முடித்தபின், கம்பியின் மேல் சிறு பள்ளம் இழைத்து, இழையை ஒட்டி, அதன்மேல் காப்புப் பூச்சு இடுவது ஒரு முறை. மெல்லிய எஃகுக் குழாயில் உணரியை அடக்கிக் கான்கிரீட்டில் புதைப்பது மற்றொன்று. பழைய கட்டடமாயின் மேற்பரப்பில் ஒட்டலாம். ஈரத்தால் துருப்பிடிக்காது, மின்னலாலும் மின்கம்பியாலும் அளவு பிறழாது என்பன இழையின் நற்குணங்கள்.

குறைகளையும் மறைத்தல் தகாது. ஜல்லி கொட்டும்போதும் வைப்ரேட்டர் படும்போதும் இழை அறுந்துபோகலாம். கான்கிரீட்டின் காரத்தன்மை கண்ணாடியைத் தின்னும். ஆதலால் தக்க உறை இன்றியமையாதது. இழை கான்கிரீட்டிலிருந்து வெளிவரும் முனையே மிகவும் நலிந்த இடம். சென்டரிங் பலகை பிரிக்கும் கை சற்றுத் தவறினால் முழு உழைப்பும் வீணாகும். புதைந்தபின் பழுதானால் மாற்ற இயலாது.

மேலும், இழை தான் கிடக்கும் திசையில் உள்ள நீட்சியையே உணரும். நாம் மேலே கூறிய தொட்டித் தூணில் நெடுக்காக ஓர் இழை இருந்திருந்தால், நெடுக்கு வெடிப்பை அது சரிவரக் காட்டியிராது. தூணைச் சுற்றி வளையமாக ஓர் இழை இருந்திருந்தால், துரு பருத்துத் தூண் பிதுங்கத் தொடங்கிய காலத்திலேயே அது காட்டியிருக்கும். எங்கே, எத்திசையில் வைப்பது என்பதை முதலில் தீர்மானிப்பது பொறியாளரின் அறிவே. கருவி அதற்கு அடுத்தே வரும்.

பிற நாடுகளின் அனுபவம்

1993-இல் கனடா நாட்டின் கல்கரி நகரில் கட்டப்பட்ட பெடிங்டன் டிரெயில் பாலத்தின் கான்கிரீட்டு உத்தரங்களில் இத்தகைய வரி உணரிகள் பதிக்கப்பட்டன. இத்துறையில் முன்னோடியான பாலங்களுள் அது ஒன்று.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றின் மேல் 1967-இல் திறக்கப்பட்ட எஃகுப் பாலம் 2007 ஆகஸ்டு 1 அன்று மாலை, வாகனங்கள் சென்றுகொண்டிருக்கையில் இடிந்து விழுந்தது. 13 பேர் மாண்டனர். இணைப்புத் தகடுகள் வடிவமைப்பிலேயே வேண்டிய கனம் இல்லாதிருந்ததும், பிற்காலத்தில் பாலத்தின் மேல் ஏறிய கூடுதல் எடையும், அன்று பழுதுபார்க்கும் பணிக்காகக் குவித்திருந்த பொருள்களின் பாரமும் சேர்ந்து அக்கேட்டை விளைவித்தன. அவ்விடத்தில் 2008 செப்டம்பரில் திறக்கப்பட்ட புதிய கான்கிரீட்டுப் பாலத்தில் 300-க்கும் மேற்பட்ட உணரிகளை வைத்தனர். அவற்றுள் சில கண்ணாடி இழை உணரிகள். அவற்றில் இரண்டு இழைகள் இணையாகச் செல்லும். ஒன்று இறுக்கமாகக் கட்டப்பட்டுப் பாலத்தோடு நீளும். மற்றது தளர்வாகக் கிடந்து ஒப்பு நோக்க உதவும். இரண்டின் நீள வேறுபாட்டை ஒளியே கண்டு கூறும்.

நம் நாட்டில், சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் கட்டடங்களையும் பாலங்களையும் சோதித்து ஆராயும் பணியைச் செய்துவருகிறது. கண்ணாடி இழை பற்றிய ஆராய்ச்சி கொல்கத்தாவில் உள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெறுகிறது.

நமக்கு இதனால் பயன் யாது?

நம் ஊர் நீர்த்தொட்டிக்கு இவ்விழையை இன்றே வைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இழை மலிவானதே, ஆயினும் ஒளியைச் செலுத்திப் படிக்கும் கருவி பல இலட்சம் ரூபாய் விலையுடையது. பெரும் பாலங்களுக்கும் அணைகளுக்குமே இன்று அது பொருந்தும். ஆனால் அம்முறையின் பின்னுள்ள ஒழுங்குகளைப் பின்பற்றச் செலவு மிகக் குறைவு. அவை வருமாறு:

1. முதல் அளவு. இழை பதித்தவர்கள் முதலில் செய்வது, சுமை ஏறுமுன் ஓர் அளவு எடுத்து எழுதிவைப்பது. நாமும் புதுக் கட்டடத்தை ஏற்கும்போதே புகைப்படம், கம்பியின் மேல் உள்ள கனம், தூண்களின் தூக்குக்குண்டு அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும்.

2. ஒரே வேளை. வெப்பம் அளவை மாற்றும் என்று கண்டோம். ஆகவே வெடிப்பை அளப்பதை, வெயில் ஏறுமுன் காலையில், எப்போதும் ஒரே வேளையில் செய்க. தொட்டியில் நீர் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதுக.

3. நிலையான குறி. வெடிப்பின் இருபுறமும் இரண்டு ஆணிகளைப் பதித்து, அவற்றின் இடையளவைத் துல்லிய அளவுகோலால் மாதம் ஒருமுறை பொறியாளரைக் கொண்டு எடுக்கச் செய்யலாம். முதியவர் கேட்ட முதற்கேள்விக்கு இது விடை தரும். இரண்டாவதற்கும் ஓரளவு தரும். ஆணிக்கருகே ஆடு வராதபடி வேலி கட்டினால் மூன்றாவதற்கும் விடையாகும்.

4. சுமைச் சோதனை. ஐயம் மிகுந்த தளத்தையோ உத்தரத்தையோ விதிப்படி 24 மணி நேரம் சுமை ஏற்றிச் சோதிக்கலாம். சுமையை அகற்றிய 24 மணி நேரத்தில், வளைவில் குறைந்தது 75 சதவிகிதம் மீள வேண்டும். இச்சோதனை பொறியாளர் முன்னிலையிலேயே நடைபெற வேண்டும். நாமே மணல் மூட்டை அடுக்கிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

5. மறைக்காமை. அளந்து முடியுமுன் வெடிப்பின் மேல் காரை பூசுவதைப் பஞ்சாயத்து அனுமதிக்கலாகாது. அவ்வாறு பூசுவது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் நெற்றிக்குத் திருநீறு பூசி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

அந்தச் சிற்றூரில் இன்று புதிய தொட்டி நிற்கிறது. அதன் தூண்களில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீட்டர் கனம் இருப்பதைச் சென்டரிங் அடைத்த அன்றே அந்த முதியவர் தம் கையால் அளந்து பார்த்தார். பதிவேட்டின் முதற்பக்கத்தில் அவ்வளவும் தேதியும் உள்ளன. மாதந்தோறும் எடுக்கும் அளவுகளைத் தொட்டி இயக்குபவர் அதில் குறித்துவருகிறார்.

மன்றத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் பஞ்சாயத்தில் கான்கிரீட்டால் ஆன பொதுக் கட்டடங்கள் எத்தனை? அவை கட்டப்பட்ட ஆண்டுகள் பதிவேட்டில் உள்ளனவா?

2. அவற்றுள் துருக்கறையுடன் கூடிய வெடிப்பு உள்ளவை எவை? அவற்றின் அடியில் மக்கள் கூடும் இடம் ஏதேனும் உண்டா?

3. கடந்த ஓராண்டில் அளவு எடுக்காமல் காரை பூசி மறைக்கப்பட்ட வெடிப்பு உண்டா?

4. அடுத்துக் கட்டவிருக்கும் கட்டடத்தில், கம்பி கட்டி முடித்த நாளன்று கனத்தை அளந்து பார்க்கும் அங்கத்தினர் யார்?